அரிவாளும் அருவாமனையும்: வளைந்த அலகை வீட்டிலேயே தீட்டும் முறை

எங்கள் கொல்லையில் பழைய துவைகல் ஒன்று கிடக்கிறது. மேலே அகலமான சமதளம். ஒரு மூலை மட்டும் தேய்ந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தால் பொருந்துகிற மாதிரி உருண்டிருக்கும். பாட்டி காலத்திலிருந்து அரிவாள் தீட்டிய இடம் அது. இவ்வளவு பெரிய சமதளம் இருக்கும்போது ஏன் மூலையில் போய்த் தீட்டினார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு நாள் கடையில் புதிதாகத் தீட்டுக்கல் வாங்கிவந்து, அரிவாளை அதன்மேல் வைத்து அரை மணி நேரம் வியர்க்க வியர்க்கத் தேய்த்தேன். அப்புறம் வாழைத்தாரை வெட்டப் போனால், காம்பை அது வெட்டவில்லை, நசுக்கியது. அன்றைக்குத்தான் யோசித்தேன்.

விஷயம் எளிமையானது. அரிவாளின் வாய் உட்பக்கமாக வளைந்தது. (வெட்டுகிற விளிம்பை வாய் என்றும் எதிர்ப்பக்கத்தை முதுகு என்றும் சொல்கிறேன், பட்டறையிலும் அப்படித்தான் பேச்சு.) அந்த வளைவுக்குள் தட்டையான கல்லைக் கொண்டுபோனால் கல்லின் இரண்டு ஓரங்கள் மட்டுமே இரும்பைத் தொடும். நடுவில் ஒரு தாள் நுழைகிற அளவுக்கு இடைவெளி நிற்கும். நான் அரை மணி நேரம் தேய்த்தது வாயை அல்ல, வாயில் அங்கங்கே இரண்டு மூன்று இடத்தை. அங்கெல்லாம் பள்ளம் விழுந்தது, மற்ற இடம் மழுங்கியபடியே இருந்தது. பாட்டி கல்லின் மூலையைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். உருண்ட மூலை எந்த உள்வளைவுக்குள்ளும் புகுந்து, ஒரு நேரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் முழுசாகத் தொடும்.

நேரான கத்தியை நாம் கல்லிடம் கொண்டுபோகிறோம். வளைந்த அலகை அசையாமல் கட்டிவைத்துவிட்டு, கல்லை அதனிடம் கொண்டுவர வேண்டும். அந்தக் கல் வளைவைவிட ஒடுக்கமாகவோ உருண்டையாகவோ இருக்க வேண்டும்.

வளைவு எந்தப் பக்கம்?

கையில் இருப்பது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு அரிவாள், தென்னை மட்டை வெட்டுகிற வெட்டரிவாள், வாய் உட்குழிந்த அருவாமனை எல்லாம் உள்வளைவு. கறி வெட்டுகிற கத்தி, தோல் உரிக்கிற கத்தி, வயிறு புடைத்த சமையல் கத்தி இவை வெளிவளைவு. வெளிவளைவுக்குத் தட்டைக் கல்லே போதும், கை அசைவுதான் வேறு. அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை கருக்கரிவாள், அதாவது வாய் நெடுக நுணுக்கமான பல் வெட்டிய கதிரறுக்கும் அரிவாள். அதைக் கல்லில் வைக்கவே வைக்காதீர்கள். பல்தான் அதன் கூர். தேய்த்தால் பல் போய் வெறும் தகடாகிவிடும். மழுங்கினால் பட்டறைக்கு எடுத்துப்போங்கள், கொல்லர் உளி வைத்து மறுபடி கருக்கு வெட்டித் தருவார்.

அடுத்து, வாயை வெளிச்சத்தில் பிடித்து, சரிவு இரண்டு பக்கமும் இருக்கிறதா ஒரு பக்கம் மட்டுமா என்று பாருங்கள். சில அரிவாள்களில் ஒரு பக்கம் சப்பையாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும். அப்படியென்றால் சரிவுப் பக்கம் மட்டும்தான் வேலை. சப்பைப் பக்கத்தில் கடைசியில் பிசிரை (தீட்டும்போது வாய் ஓரத்தில் மடிந்து நிற்கிற மெல்லிய இரும்பு) எடுக்க மட்டும் கல்லைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு. இது தெரியாமல் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்தால் கொல்லர் வைத்த வாயையே மாற்றிவிடுவீர்கள்.

என்னென்ன வேண்டும்

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. இரும்புக்கடையில் அரைவட்ட அரம் ஒன்று கேளுங்கள்: ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை, 8 அல்லது 10 அங்குலம், பல் நைஸாக இருக்கட்டும். அரிவாளுக்கு முதல் வேலைக்காரன் அதுதான். அடுத்தது படகு வடிவத் தீட்டுக்கல், இரண்டு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்திருக்கும். அது கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸுமான சாதாரண கார்போரண்டம் கல் வாங்கி, அதன் நீளமான விளிம்பைச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து உருட்டிக்கொள்ளலாம். 20 நிமிஷ வேலை. பாட்டியின் துவைகல் மூலைக்கு அவ்வளவு வருஷம் ஆனது.

கல்லின் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் மின்உலையில் ஒரு கடினமான படிகத்தைக் கண்டார். அது கரியும் குருந்தம் என்ற கடினமான தாதுவும் சேர்ந்தது என்று நினைத்து கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிகான் கார்பைடு, குருந்தம் அதில் துளியும் இல்லை. ஆனால் குருந்தத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற சொல்லே நம்முடைய குருந்தத்திலிருந்து போனதுதான். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஆக, கடையில் கார்போரண்டம் என்று கேட்கும்போது பாதி தமிழில்தான் கேட்கிறீர்கள்.

அரம், கல் இரண்டும் இல்லையென்றால்? முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றில் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) சுற்றி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போடுங்கள். பெயின்ட் கடைகளில் 220, 400, 800 என்று எண் போட்டு விற்பார்கள். எண் கூடக்கூட நைஸ். குழாய்க்குப் பதில் உடைந்த விளக்குமாற்றுக் கட்டையும் ஆகும். மெருகேற்ற, பழைய தோல் பெல்ட் ஒன்று. கூடவே ஒரு பீங்கான் கோப்பை. அது எதற்கு என்று பிறகு.

அம்மிக்கல், படிக்கல், ஆட்டுக்கல் குழவி எல்லாம் கூடாதா என்று கேட்பீர்கள். கூடும். கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ், நம்மூர்ச் சொல்லில் வெங்கச்சங்கல், கத்தி இரும்பைவிடக் கடினம், அதனால் இரும்பைத் தின்னும். பனையேறிகள் பாளையரிவாளைத் தீட்டுவதே மரக்கட்டையில் அந்த வெங்கச்சங்கல் பொடியைத் தூவித்தான். பாளையை மெல்லிசாகச் சீவுகிற கூர் அதில் வரும். கருங்கல்லில் உள்ள குறை, மணி ஒரே அளவாக இருக்காது என்பதுதான். அவசரத்துக்கு ஆகும், அருவாமனைக்கு நான் அதை வைக்கமாட்டேன்.

துருவும் பிடியும்

துருவோடு தீட்டினால் கல் அடைத்துக்கொள்ளும். புளியைக் கரைத்து அலகு முழுவதும் பூசி கால் மணி நேரம் விடுங்கள், பிறகு செங்கல் பொடியோ அடுப்புச் சாம்பலோ தொட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். புளியிலுள்ள அமிலம் துருவை இளக்கிவிடும். இராத்திரி முழுக்க ஊறப்போடாதீர்கள், அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். தேய்க்கும்போது முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக மட்டும் கை போகட்டும். மழுங்கிய அரிவாள்தானே என்று அலட்சியமாக இருக்கும்போதுதான் கை கிழிகிறது.

பிடி ஆடுகிறதா என்று பாருங்கள். பழைய அரிவாள்களில் காம்பை அரக்கு ஊற்றித்தான் பிடிக்குள் இறுக்கியிருப்பார்கள். பூண் கழன்றிருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஆடுகிற பிடியோடு கூரான அரிவாள், மழுங்கிய அரிவாளைவிட ஆபத்து.

கட்டி வைப்பது

இதற்குச் செலவழிக்கிற 5 நிமிஷம்தான் முழு வேலையிலும் முக்கியமானது. ஒரு உறுதியான மேசை அல்லது திண்ணை விளிம்பு போதும். ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அரிவாளைப் படுக்கவையுங்கள். முதுகு உங்களைப் பார்க்கட்டும், வாய் எதிர்ப்பக்கம் மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். பிடியை ஒரு சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையென்றால் பிடியின்மேல் ஒரு பலகை வைத்து இன்னொருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம், அவர் கை வாய்ப்பக்கம் வராத தூரத்தில் இருந்தால். மடியில் வைத்துத் தீட்டுவது, காலிடுக்கில் இடுக்கிக்கொள்வது இதெல்லாம் வேண்டாம்.

வாய் எதிர்ப்பக்கம் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அரமோ கல்லோ எப்போதும் முதுகுப்பக்கத்திலிருந்து வாயைத் தாண்டி வெளியே போக வேண்டும். வழுக்கினால் கை காற்றில் போய் நிற்கும். வாயிலிருந்து முதுகை நோக்கித் தேய்த்தால் கூர் சீக்கிரம் வரும் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான், ஆனால் அப்போது கை வாய்க்கு முன்னால் இருக்கிறது. நான் கல்லின் பிடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியைத் துளைத்து மாட்டியிருக்கிறேன், விரல் வழுக்கி முன்னால் வராமலிருக்க. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். இருக்கட்டும்.

கோணமும் கண்மையும்

ஒரு காகிதத்தின் மூலை 90 டிகிரி. அதைச் சரிபாதியாக மடித்தால் 45, இன்னொரு மடிப்பு 22 சொச்சம். அந்த முக்கோணத்தை வெட்டி அலகின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்லை அந்தச் சரிவுக்குச் சாயுங்கள். மட்டையும் விறகும் வெட்டுகிற அரிவாளுக்குப் பக்கத்துக்கு 25 முதல் 30 டிகிரி, காய்கறி அருவாமனைக்கு 15 முதல் 20. அரிவாளுக்குச் சவரக்கத்தி மாதிரி மெல்லிய வாய் வைத்தால் முதல் மட்டையிலேயே வாய் மடங்கிவிடும்.

ஆனால் பழைய சரிவு நன்றாக இருந்தால் கோணத்தைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், அதையே பின்பற்றினால் போதும். அதற்கு ஒரு வழி, வாய்ச்சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்படிப்பது. பேனா இல்லையென்றால் வீட்டில் கண்மை இருக்கும், இல்லையென்றால் விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய். நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பாருங்கள். கறுப்பு வாய் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கல் அதிகமாக நிமிர்ந்திருக்கிறது. முதுகுப்பக்கம் மட்டும் அழிந்து ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு மிச்சமிருந்தால் அதிகமாகப் படுத்திருக்கிறது. சரிவு முழுக்க அழிந்தால் சரி. நான் பல வருஷம் தீட்டிய பிறகும் மை பூசாமல் தொடங்குவதில்லை.

அரம் போடுவது

வாயில் பல் (சின்ன உடைசல்) விழுந்திருந்தாலோ, ரொம்ப மழுங்கியிருந்தாலோதான் அரம். லேசான மழுக்கம் என்றால் நேரே கல்லுக்குப் போய்விடலாம்.

அரத்தின் உருண்டைப் பக்கத்தைச் சரிவில் வைத்து, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். தள்ளும்போதே கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும், ஒரே இடத்தில் ராவினால் குழி விழும். அரம் தள்ளும்போது மட்டும்தான் வெட்டும். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் அரத்தின் பல்தான் மழுங்கும்.

முதல் தள்ளலிலேயே கேட்டுவிடும். அரம் கறகறவென்று கடித்துக்கொண்டு போனால் நல்லது. வழுக்கிக்கொண்டு கிறீச்சென்றால் அந்த இரும்பு நன்றாகப் பதம் ஏற்றப்பட்டது (உலையில் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கியது), அரத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கல்லை எடுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து அடித்த அரிவாள்களில் இரண்டு விதமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டையில் கரி சுமார் 0.6 சதவீதம், நன்றாகப் பதம் ஏறும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கொல்லரின் கைப்பக்குவம். திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் பெயர் அரிவாளோடு ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணமும் அந்தப் பதம்தான்.

வாயில் பல் விழுந்த இடம் இருந்தால் அதை மட்டும் நோண்டாதீர்கள், அங்கே பள்ளம்தான் வரும். இரண்டு பக்கமும் நாலைந்து விரற்கடை தூரத்துக்குச் சேர்த்து இறக்கிக்கொண்டு வர வேண்டும். அரை மில்லிமீட்டர் பல்லை விட்டுவிடலாம், அடுத்த ஏழெட்டுத் தீட்டலில் தானே மறைந்துவிடும். அதற்காக நல்ல இரும்பை இன்றே தேய்த்துத் தள்ளுவது வீண்.

கல்லும் பிசிரும்

கல்லை 10 நிமிஷம் தண்ணீரில் போடுங்கள், குமிழி வருவது நிற்கட்டும். எண்ணெய் விட்டும் தீட்டலாம், ஆனால் எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. ஏதாவது ஒன்றோடு நில்லுங்கள். தண்ணீர் எதற்கென்றால், தேய்ந்த இரும்புத்தூள் கல்லின் துவாரங்களை அடைக்காமல் சேறாக வெளியேற.

அலகை மனசுக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிடிக்குப் பக்கம், நடு வளைவு, மூக்கு. முழு நீளத்துக்கும் ஒரே இழுப்பாக இழுக்க ஆசை வரும், ஆனால் வளைவில் கோணம் மாறிக்கொண்டே இருப்பதால் அதில் கை தப்பும். ஒரு பகுதியில் 15, 20 இழுப்பு, அப்புறம் அடுத்த பகுதி. பகுதிகள் சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறுகிற மாதிரித் தேயுங்கள், அங்கேதான் மழுக்கம் தங்கும். நடு வளைவில் கல்லின் ஒடுங்கிய முனையைப் பயன்படுத்துங்கள். மூக்கில் கல் பட்டென்று வெளியே வழுக்கும், அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் நல்ல அழுத்தம், போகப்போகக் கல்லின் எடை மட்டும்.

எப்போது நிறுத்துவது? இழுப்பை எண்ணி நிறுத்தக் கூடாது, பிசிர் வந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் தேயத்தேய, வாயின் ஓரத்து இரும்பு மெலிந்து மறுபக்கம் மடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரல் சதையை மறுபக்கத்தில் முதுகிலிருந்து வாயை நோக்கி, வெளியே போகிற மாதிரி மெதுவாக இழுத்தால் சொரசொரவென்று மாட்டும். வாய் நெடுக விரலை ஓட்டாதீர்கள், குறுக்காக மட்டும். பிசிர் பிடியிலிருந்து மூக்கு வரை விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். நடுவில் எங்காவது வழவழவென்று இருந்தால் அங்கே கல் இன்னும் வாயைத் தொடவில்லை என்று அர்த்தம். நிறையப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். முக்கால்வாசி இடத்தில் பிசிர் வந்ததும் போதும் என்று திருப்பிவிடுவார்கள், அப்புறம் அந்தக் கால்வாசி எப்போதும் மழுக்கம்தான்.

பிசிர் முழுசாக வந்தபின் அரிவாளைத் திருப்பிக் கட்டி, மறுபக்கமும் அதே மாதிரி. இப்போது பிசிர் முதல் பக்கத்துக்கு வரும். அப்புறம் கல்லின் நைஸ் பக்கம், பக்கத்துக்கு 10 இழுப்பு. அடுத்து 5, அப்புறம் 3, கடைசியில் ஒன்றுக்கொன்று. பிசிர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடி, மெலிந்து, உதிரும்.

பீங்கான் கோப்பை இங்கேதான் வருகிறது. கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் தெரியும், தொட்டால் லேசாகச் சொரசொரக்கும். அது நைஸான தீட்டுக்கல், அதுவும் ஒடுக்கமான வளைந்த கல். உள்வளைவுக்கென்றே செய்தது போலிருக்கும். ஊறுகாய் ஜாடியின் அடியும் அதே. பக்கத்துக்கு நாலு இழுப்பு லேசாக. அப்புறம் தோல் பெல்ட்டின் சொரசொரப்பான உட்பக்கத்தைக் குழாயில் சுற்றி, முதுகிலிருந்து வாயை நோக்கி மட்டும் பத்துத் தடவை. எதிர்த்திசையில் இழுத்தால் பெல்ட் வெட்டுப்படும். விறகு வெட்டுகிற அரிவாளுக்கு இந்தப் பெல்ட் வேலை வேண்டியதில்லை, எனக்குப் பிடிக்கும் என்பதால் செய்கிறேன்.

வாட்டர் பேப்பர் சுற்றிய குழாயில் வேலை செய்தாலும் வழி இதேதான்: 220இல் பிசிர், 400இல் அதை மெலிப்பது, 800இல் முடிப்பது. பேப்பரும் வாயைத் தாண்டி வெளியே போகிற திசையில் மட்டும்தான் நகர வேண்டும்.

அருவாமனைக்கு

அருவாமனையைக் கழற்றிக் கட்டத் தேவையில்லை, அதன் பலகையே கிளாம்ப். பலகையை மேசை ஓரத்தில் வைத்து இறுக்குங்கள், அல்லது தரையில் வைத்து ஒருவர் பலகையில் கனமாக உட்காரட்டும், காய் நறுக்க உட்காருவதற்கு எதிர்த்திசையில், அலகைவிட்டு விலகி. நீங்கள் வாய்க்கு நேரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். மடக்கு அருவாமனை என்றால் முதலில் ஆணியை முடுக்குங்கள், ஆடுகிற அலகில் கோணம் நிற்காது.

பல வருஷம் புழங்கிய அருவாமனையில் வாயின் கீழ்ப்பாதி மட்டும் உள்ளே குழிந்திருக்கும். வெங்காயமும் வாழைக்காயும் வழக்கமாக விழுகிற இடம் அதுதான். மேல்பாதி அவ்வளவாகப் புழங்காமல் கூராகவே இருக்கும். அந்தக் குழியை நேராக்க நினைக்காதீர்கள். குழியைக் குழியாகவே விட்டு, உருண்ட கல்லால் அதன் போக்கில் தீட்டினால் போதும். கல் கீழிருந்து மேலாக, முதுகிலிருந்து வாயைத் தாண்டி வெளியே போகட்டும். அருவாமனைக்கு அரம் பெரும்பாலும் தேவைப்படாது. நுனியில் தேங்காய் துருவுகிற பல் இருந்தால் அதைக் கல் தொடக் கூடாது. முக்கோண அரத்தை ஒவ்வொரு பல்லிடுக்கிலும் ஒரே ஒரு தள்ளு தள்ளினால் போதும்.

என் அம்மாவுக்குக் கூர் அதிகமானால் பிடிக்காது. புதிதாகத் தீட்டிய நாளில் "இன்னைக்குப் பாத்து நறுக்கணும்டா" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார். கை பழைய மழுக்கத்துக்குப் பழகியிருக்கும், அதே அழுத்தத்தைக் கொடுத்தால் விரல் போய்விடும். தீட்டிவிட்டு வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெளிவளைந்த கத்தி

கல்லை ஈரத் துணிமேல் வைத்து, கத்தியைப் படுக்கவைத்து முதுகைத் தூக்குங்கள். 40 மில்லிமீட்டர் அகலக் கத்தியின் முதுகை 14 மில்லிமீட்டர் உயர்த்தினால் 20 டிகிரி, 10 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய 15. நேரான பகுதியை வழக்கம்போலத் தேய்த்துக்கொண்டு போய், வயிறு வளைகிற இடம் வந்ததும் கத்தியின் பிடியை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே இழுக்க வேண்டும். முதுகைச் சாய்ப்பது வேறு, பிடியைத் தூக்குவது வேறு. முழங்கை உயர்ந்தால் பிடி தானே உயரும். தூக்காமல் இழுத்தால் நுனி கல்லைத் தொடாமல் காற்றில் போகும், நேர்ப்பகுதி மட்டும் கூராகி நுனி மொண்ணையாகவே இருக்கும். இங்கேயும் கண்மைதான் சாட்சி.

சாணைச் சக்கரம்

தெருவில் சைக்கிளோடு வருகிற சாணைக்காரரிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுமே என்றால், நல்ல கைக்காரர் கிடைத்தால் கொடுங்கள். நான் ஒருமுறை மின்சாரச் சக்கரம் வைத்த ஒரு கடையில் அரிவாளைக் கொடுத்தேன். திரும்பி வரும்போது வாயில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு நீலப் பட்டை. அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன். ஒரு வாரம் தாங்கவில்லை, அந்த இடம் மட்டும் மடங்கி மடங்கி வந்தது. இரும்பு நீலமானால் அந்த இடம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருக்கிறது என்று அர்த்தம். கொல்லர் ஏற்றிய பதம் அங்கே இறங்கிவிட்டது. வாய் ஓரம் மெல்லியது, ஒரு நொடியில் சூடாகிவிடும். தண்ணீரில் அடிக்கடி தோய்க்காமல் சக்கரத்தில் அழுத்துகிறார் என்றால் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நீலமானதை மறுபடி பதம் ஏற்ற உலைக்குத்தான் போக வேண்டும், அல்லது நீலம் போகிற வரைக்கும் தேய்த்துத் தள்ள வேண்டும். கையால் தீட்டினால் எவ்வளவு அழுத்தினாலும் அந்தச் சூடு வராது.

பார்ப்பதும் வைப்பதும்

வாயை நேரே பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். மழுங்கிய வாய் வெள்ளிக்கம்பி மாதிரி மின்னும், கூரான வாயில் மின்ன இடமே இருக்காது. எங்காவது ஒரு புள்ளி மின்னினால் அங்கே இன்னும் நாலு இழுப்பு. அருவாமனைக்குச் சோதனை தக்காளி, அழுத்தாமல் தோல் கிழிய வேண்டும். அரிவாளுக்குப் பச்சைத் தென்னை மட்டை, ஒரே வீச்சில் உள்ளே இறங்கிச் சிக்காமல் வெளியே வர வேண்டும். கைமுடியைச் சிரைத்துக் காட்டுவது, நகத்தில் வைத்துப் பார்ப்பது எல்லாம் அரிவாளில் வேண்டாம்.

தீட்டியதும் கழுவித் துடைத்து, அடுப்புச் சூட்டில் ஒரு நிமிஷம் காட்டி ஈரம் போனபின் எண்ணெய் பூசுங்கள். விளக்கெண்ணெய் நல்லது, காயாமல் வெகுநாள் நிற்கும். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுக்காகிவிடும். தேங்காயெண்ணெய் அன்றாடம் புழங்குகிற அருவாமனைக்குப் போதும். எவர்சில்வர் கத்திக்கு எண்ணெய் வேண்டாம், ஆனால் அதில் பிசிர் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும், பெல்ட் வேலையைக் கூடுதலாகச் செய்யுங்கள்.

கை வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுநடுவே தூக்கிப் பார்க்காதீர்கள். நிற்காவிட்டால், ஆழமாக இருந்தால், விரல் மரத்துப்போனால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸைத் தடுக்கிற டிடி ஊசி போட்டு வருஷங்கள் ஆகியிருந்தால் அதையும் கேளுங்கள். டெட்டனஸுக்குத் துருதான் காரணம் என்று நினைக்கிறோம். உண்மையில் மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி அது, கொல்லையில் கிடந்த அரிவாளில் துரு இல்லாவிட்டாலும் இருக்கும்.

வாரம் இரண்டு மட்டை வெட்டுகிற அரிவாளுக்கு மாதம் ஒருமுறை கல் போதும், அரம் வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம். அருவாமனைக்கு இடையிடையே கோப்பையின் அடியில் நாலு இழுப்பு, பிசிர் தேடுகிற முழு வேலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உள்வளைவுக்கு உறை கிடைப்பது கஷ்டம். பழைய தோட்ட ஹோஸ் பைப்பை வாயின் நீளத்துக்கு வெட்டி, நெடுக ஒரு கீறல் போட்டு அதில் மாட்டிவிடுங்கள். வளைவோடு தானே வளைந்துகொள்ளும்.